நாகர்கோவில் பஸ் கணக்கில் ஒரு நெடுஞ்சாலை

காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் கன்னியாகுமரிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தோம், ரெண்டு பக்கமும் காற்றாலை, ஆளையே தள்ளுகிற காற்று. பின்னால் இருந்த அக்கா மகன் கேட்டான், "மாமா, இந்த ரோடு எங்கயிருந்து வருது?"

"ஸ்ரீநகர்ல இருந்து மக்கா."

அவன் நம்பவே இல்லை. மகாதானபுரம் ரவுண்டானா பக்கத்தில் வண்டியை நிறுத்தி விளக்க வேண்டியதாயிற்று. இது தேசிய நெடுஞ்சாலை 44. டெல்லி, ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை, நெல்லை என்று இறங்கி நம்ம ஊரில் முடிகிறது. சுமார் 3,745 கிலோமீட்டர், இந்தியாவிலேயே நீளமானது. 2010-இல் எண்களை மாற்றியபோது பல பழைய சாலைகளை ஒன்றாக இணைத்து இதை ஆக்கினார்கள், நம்ம பக்கத்துத் துண்டு அப்போது என்.எச். 7.

சரி, மொத்த நாட்டுக்கும்? தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 1,46,000 கிலோமீட்டர். இப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்த் திரும்புகிற ஒருவர் ஞாயிறு, பொங்கல், ஓணம் எதற்கும் லீவு போடாமல் பத்து வருஷம் ஓடினால்தான் அந்தத் தூரம் வரும். 44 மட்டும் என்றால் மூன்று மாதம் சொச்சம். இதைக் கேட்டதும் பையன் கண்ணை விரித்தான், எனக்கும் அப்போதுதான் அந்த எண் உறைத்தது.

நாட்டின் எல்லா ரோட்டையும் சேர்த்தால் 63 லட்சம் கிலோமீட்டர் வரும், அதில் தேசிய நெடுஞ்சாலைகள் ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் போக்குவரத்தில் சுமார் 40 சதவீதத்தைச் சுமப்பது இவைதான்.

திரும்பும்போது தேசிய நெடுஞ்சாலை 66-இல் வந்தோம். மும்பை பக்கத்துப் பன்வேலில் தொடங்கி கோவா, மங்களூர், கொச்சி, திருவனந்தபுரம், களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று வந்து இதுவும் கன்னியாகுமரியில்தான் முடிகிறது. அந்தப் பத்து வருஷ பஸ் ஓடுவதும் இந்த ரோட்டில்தான். சுசீந்திரத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினால் ஊர்ந்துதான் போகணும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும் அதே நெருக்கம்தான், மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. அந்த 1,46,000-இல் இதுவும் சேர்த்திதான். நான்குவழியோ அதற்கு மேலோ உள்ளது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அப்புறம் 2014-இல் 91,000 ஆக இருந்த நீளம் இவ்வளவு கூடியதில் மாநிலச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் மாற்றியதும் உண்டு. நீளத்தைச் சொல்கிறவர்கள் அகலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நம்ம மாவட்டத்துக்குள் நான்குவழி வேலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் முடியட்டும், வழியில் வருகிற குளங்களை மூடாமல் பாலம் போட்டே முடியட்டும்.