முக்திநாத்: சாளக்கிராமப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு

“சாளக்கிராமம் அடை நெஞ்சே” என்றார் திருமங்கையாழ்வார். அந்தச் சாளக்கிராமமாக நாம் சேவிப்பது நேபாளத்து இமயமலையில் இருக்கும் முக்திநாத்தை. நெஞ்சு உடனே போய்விடும். நுரையீரலும் முழங்காலும்தான் தகராறு செய்யும். கிளம்பும் ஊரான போக்ரா 800 சொச்சம் மீட்டர் உயரம், முக்திநாத் ஏறத்தாழ 3,700. ஹெலிகாப்டரில் ஒரே மூச்சில் ஏறி இறங்குபவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும்தான் முதலில் நினைவில் நிற்கும். வழியிலுள்ள ஜோம்சோமிலோ காக்பேனியிலோ (இரண்டும் 2,700–2,800 மீட்டர்) ஒரு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம் இருபது நிமிடம்தான். ஆனால் காலைப் பொழுது ஏறினால் காளிகண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று சுழற்றி அடிக்கும், பறக்க முடியாது. முதல் விமானத்துக்கே சீட்டு எடுங்கள். ரத்தானாலும் கலங்காதபடி இரண்டு நாள் உபரி வையுங்கள். சாலை வழியென்றால் முழுப் பகல் போய்விடும். மழைக்காலத்தில் வழியிலுள்ள பேனி ஊருக்கு மேல் மண்சரிவு. பங்குனி சித்திரையும் ஐப்பசியும் உத்தமம்.

ஜீப் கோயிலுக்குக் கீழே உள்ள ராணிபௌவாவில் நின்றுவிடும். இறங்கியதுமே குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். “போக, வர, காத்திருக்க” மூன்றுக்கும் சேர்த்துப் பேசி முடிக்காமல் ஏறாதீர்கள். மேலே போனபின் தொகை மாறும். கடைகளில் பளபளவென்று கறுப்பேற்றிய சாளக்கிராமங்கள், அதாவது பெருமாளாகவே பூஜிக்கும் சக்கரம் பதிந்த கற்கள், இருக்கும். செதுக்கியதும் ஒட்டியதும் கலந்திருப்பதால், சக்கரத்தின் விளிம்பில் பசைக்கோடு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

கோயிலுக்குப் பின்புறம் அரைவட்டமாக 108 தாரைகள், மாட்டுமுக வாய்களிலிருந்து விழுகின்றன. உருகிய பனிநீர். முதல் பத்துக்குள் உச்சி மரத்துவிடும், மூச்சு முட்டும். நிற்காமல், ஆனால் ஓடாமல் நடக்கவேண்டும். தரை வழுக்கும், குளிர்காலத்தில் பனிக்கட்டியே படிந்திருக்கும். முடியாதவர்கள் ஒவ்வொரு தாரையிலும் கை நீட்டி நீரைத் தலையில் தெளித்துப் புரோக்ஷித்துக்கொண்டால் போதும். அதன்பின் சந்நிதிக்கு முன்னுள்ள இரண்டு குண்டங்களில் (சிறு குளங்களில்) முழுக்கு. ஏறியதுமே ஈரத்தைக் களைந்து தலையைத் துவட்டுங்கள். உலர்ந்த வேஷ்டி, புடவை, கம்பளித் தொப்பி எல்லாம் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

நடுங்கும் உடம்போடு நிமிர்ந்து பார்த்தால், பித்தளைத் திருமேனியாக, ஸ்ரீதேவி, பூதேவி என்ற உபய நாச்சிமாரோடு பெருமாள். அடுக்குக்கூரைச் சிறு கோயில். கூட்டம் இல்லாத வேளையில் மிக அருகில் நின்று சேவிக்கலாம். பக்கத்தில் இருப்பவர் செந்நிற ஆடை உடுத்த திபெத்திய பௌத்த பிக்குணி. அந்தப் பௌத்தர்களுக்கு இந்தப் பெருமாள் சென்ரெசிக், கருணையின் வடிவம். இந்த இடத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் சூமிக் கியாட்சா. இந்து அர்ச்சகர் பூஜை செய்ய, கைங்கரியத்தில் பரம்பரையாகப் பிக்குணிகளும் பங்கேற்கிறார்கள். நம் திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய பெருமாளை, இந்தக் குளிரில், மூச்சு வாங்கும் உயரத்தில் பார்த்துக்கொள்கிறார்களே! அவர்களுக்கு எத்தனை தண்டன் சமர்ப்பித்தாலும் தகும். தட்சிணை போடும்போது அவர்களை மறக்காதீர்கள். பத்துப் பாசுரத்தையும் அச்சிட்டு எடுத்துப் போங்கள். குளிரில் மனப்பாடம் மறக்கும், மொபைல் பாட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

கீழே ஜ்வாலாமாயி கோம்பாவை (பௌத்த மடாலயத்தை)ப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கம்பி வலைக்குள் குனிந்து பார்த்தால், கசியும் நீருக்கு மேல் நீலச் சுடர் எரிகிறது. நிலத்தடி வாயுதான், கைகூப்பாமல் வர முடியவில்லை.

சாப்பாடு எங்கும் பருப்பும் சோறும்தான், பூண்டு இருக்கும். ஆசாரம் பார்ப்பவர்கள் அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கட்டிக்கொள்ளுங்கள். காக்பேனி சங்கமத்தில் பித்ரு காரியம் செய்வதானால் எள்ளும் தர்ப்பையும் ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியக் காற்றில் பிண்டத்துக்கு வைத்த இலை நிற்காது.