சின்னக் கெளுத்திதான் ஆபத்து

எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர்களிடம் எந்த மீனுக்குப் பயம் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் திருக்கை என்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை, கையை உதறிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுகிற ஆட்களைக் குத்தியது பெரும்பாலும் ஒரு சாண்கூட இல்லாத கெளுத்தி.

பெரிய மீன் மாட்டினால் எல்லோரும் உஷாராகிவிடுகிறோம், பக்கத்தில் நிற்பவர்கூட ஓடிவந்து உதவுவார். சின்னக் கெளுத்தி வந்தால் எரிச்சல்தான் வருகிறது, போட்ட இறாலையும் தின்றுவிட்டு தூண்டில் முள்ளையும் விழுங்கி வைத்திருக்கும். அந்த எரிச்சலில் அதை அப்படியே உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கிறோம். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் இடமும் வலமும் ஒவ்வொன்று. பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், நாம் அழுத்தினாலும் மடங்காது. முள்ளின் ஓரம் ரம்பம் மாதிரி, பல் எல்லாம் பின்பக்கம் பார்த்து இருக்கும். அதனால் உள்ளே போவது சுலபம், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். முள்ளைச் சுற்றியுள்ள தோலில் விஷம் வேறு. குட்டிகளின் முள் இன்னும் தேயாமல் ஊசியாக இருப்பதால் அதுதான் ஆழமாக இறங்குகிறது.

சின்னதைத் தொடவே தேவையில்லை என்பது என் கட்சி. தங்கூஸை, அதாவது தூண்டில் நரம்பைப் பிடித்து மீனைப் பக்கெட்டுக்கு மேலே தொங்கவிடுங்கள், மூக்கு நீண்ட பிளேயரால் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி ஒரு உதறு, மீன் தானாகக் கழன்று விழும். தொண்டை வரை விழுங்கியிருந்தால் தங்கூஸை வெட்டிவிடுங்கள். ஒரு தூண்டில் முள்ளின் விலைக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கணக்குப் போட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். பிடித்தே ஆகவேண்டும் என்றால் வயிற்றுப் பக்கமிருந்து பிடிக்க வேண்டும். உள்ளங்கை வயிற்றில், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பக்க முள்ளுக்கும் பின்னால் முட்டுக் கொடுத்தபடி, முதுகு முள் கைக்கு எட்டாமல் மேலே நிற்கும். ஈரத்துணி வழுக்காமல் இருக்க உதவும், முள்ளைத் தடுக்காது. மெல்லிய கையுறையும் அப்படித்தான்.

இன்னொன்று, மீனைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு தூண்டில் முள்ளைப் பிடுங்குவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பள்ளிக்கூடமும் லீவு, புதிதாகத் தூண்டில் வாங்கிய பையன்கள் நிறையப் பேர் வருவார்கள், முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். "தம்பி, ரப்பர் செருப்புடா அது, ஆணியே ஏறும், முள்ளு ஏறாதா?" என்று பக்கத்தில் இருக்கும் அண்ணன் யாராவது கத்துவார். ஏறும்.

ஓரா மீன் பார்க்க சாதுவாக இருக்கும். அதற்கு முதுகில் 13 முள், அடியில் வால் பக்கமாக 7, வயிற்றுத் துடுப்புகளில் பக்கத்துக்கு 2. எந்தப் பக்கம் பிடித்தாலும் குத்தும், எல்லாமே விஷ முள். பிளேயரால் கீழ் உதட்டைப் பிடித்துத் தூக்குவதுதான் ஒரே வழி. கொடுவா மீனுக்கு விஷம் கிடையாது, ஆனால் செவுள் மூடியின் ஓரம் பிளேடு. கிடைத்த சந்தோஷத்தில் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கினால், மீன் ஒரு துள்ளு துள்ளும்போது விரலை அறுத்துவிடும். வலையோ, உதட்டைப் பிடிக்கும் கிரிப்போ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குத்திவிட்டது. கரையில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், ஐஸ் என்று. மீன் பெட்டியில் ஐஸ் கிடக்கிறதே என்று கையை அதற்குள் விடுகிறவர்கள்தான் அதிகம், இந்த வலிக்கு அதனால் பிரயோஜனமில்லை. வேண்டியது சூடு. இந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். கண்ணுக்குத் தெரியும் முள் துண்டை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை முக்கி வைக்கவேண்டும், ஆற ஆறச் சூடு சேர்த்துக்கொண்டே. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், குத்துப்படாத கையை விட்டுப் பாருங்கள், தாங்க முடிகிற அதிகபட்சச் சூடு போதும். குத்துப்பட்ட கையில் வலிதான் தெரியும், சூடு சரியாக உறைக்காது, கொதிநீரில் விட்டுத் தோலை உரித்துக்கொள்ளக்கூடாது. டீக்கடையில் கேட்டால் வெந்நீர் தருவார்கள், ஆனால் முகத்துவாரத்து மணலிலிருந்து டீக்கடை வரை நடக்கிற நேரத்தில் வலியில் உயிர் போகிற மாதிரி இருக்கும். அதனால் நான் பிளாஸ்கில் கொண்டுபோகிறேன், காலையில் டீத்தூள் போட்டுக் குடிக்கவும் ஆகிறது. இறுக்கிக் கட்டுப் போடுவது, பிளேடால் கீறி ரத்தம் எடுப்பது இரண்டும் கூடவே கூடாது.

வலி நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் வாரக்கணக்கில் சீழ் வைக்கும், எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு வருஷக்கணக்காகியிருந்தால் அதையும் கேளுங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்கள் காத்திருக்கவே வேண்டாம், உவர் தண்ணீரில் இருக்கும் சில கிருமிகள் இவர்களுக்கு ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், மூச்சு முட்டினால் யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான், ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது.

திருக்கைக்கும் அதே வெந்நீர்தான். ஆற்றில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டு போனால் அது அதிர்வு தெரிந்து விலகிவிடும். வாலில் இருக்கும் முள் கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ இறங்கினால் பிடுங்காதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தூண்டிலில் மாட்டினால் தங்கூஸை வெட்டிவிடுவது நல்லது. எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றில் இப்போது காக்கா ஆழி என்கிற சிப்பி வேறு படர்ந்து கிடக்கிறது, வெறுங்காலோடு இறங்கினால் மீன் குத்துவதற்கு முன்னால் அதுவே பாதத்தைக் கிழித்துவிடும். பழைய ஷூ போதும்.

செத்த மீனின் முள்ளும் குத்தும், விஷம் அப்படியேதான் இருக்கும். கேரி பேக்கில் போட்டு வண்டியில் தொங்கவிட்டால் முழங்காலில் குத்தும், மின்சார ரயிலில் போனால் பக்கத்தில் நிற்பவரைக் குத்தும். கரையிலேயே மூன்று முள்ளையும் பிளேயரால் ஒடித்துவிடுங்கள், ஒடித்ததை மணலில் எறியாமல் பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள், அந்த மணலில்தான் குப்பத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து ஆடுகிறார்கள்.