ஐவர் கர்னியின் குளோஸ்டர்

இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊருக்கு நான் போனது ஐவர் கர்னி (Ivor Gurney) என்ற இசையமைப்பாளருக்காக. 1890-இல் அங்கே ஒரு தையற்காரர் வீட்டில் பிறந்தவர். முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தவர், கவிஞரும்கூட.

அவர் சிறுவனாகப் பாடிய கதீட்ரலில்தான் அதிக நேரம் இருந்தேன். லேடி சேப்பல் என்ற மாதா சிற்றாலயத்தை ஒட்டிய சின்ன அறையில் கண்ணாடிக் கலைஞர் டாம் டென்னி அவர் நினைவாகச் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் நிறங்களுக்குள்ளிருந்து வயலும் மரங்களும் மனிதர்களும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு நகரக் கூடாத இடம்.

கர்னி லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டிடம் படித்தார். முதல் உலகப் போரின்போது, 1915-இல், சிப்பாயாகப் பிரான்ஸ் போர்முனைக்குப் போகும் படையில் சேர்ந்தார். பியானோ இல்லாத அந்த இடத்திலும் பாட்டு எழுதினார். கவிஞர் மேஸ்ஃபீல்டின் வரிகளுக்கு அமைத்த ‘பை எ பியர்சைட்’ 1916-இல் பதுங்குகுழியில் பிறந்தது. அடுத்த ஆண்டு ‘செவெர்ன் மெடோஸ்’: வரிகளும் அவருடையவையே, ஊர் ஏக்கம் முழுக்க இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. செவெர்ன் கரையில் நடந்துகொண்டே அதைக் கேட்டேன். ஆறு அகலமாக, சேற்று நிறத்தில், அவசரமில்லாமல் போகிறது. பாட்டும் அதே நடையில்தான் போகிறது.

1917-இல் தோளில் குண்டடி, அப்புறம் விஷவாயு. 1922-இல் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அந்த டிசம்பரிலேயே லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டுக்கு மாற்றினார்கள். சாகும்வரை, 15 ஆண்டுகள், அங்கேதான். நோயைவிட இந்த ஊர்ப் பிரிவுதான் பெரிய கொடுமை என்று எனக்குப் படுகிறது. போரில் இறந்த கவிஞர் எட்வர்ட் தாமஸின் மனைவி ஹெலன், கணவர் வைத்திருந்த குளோஸ்டர்ஷயர் வரைபடத்தை அங்கே எடுத்துப்போய் விரித்தாராம். கர்னி விரலாலேயே தன் ஊர்ப் பாதைகளில் நடந்திருக்கிறார்.

1937 டிசம்பர் 26-இல் காசநோயால் இறந்தார். உடலை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்து, குளோஸ்டருக்கு வடக்கே துவிக்வொர்த்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய ஞானத்தந்தை சீஸ்மன் அங்கே பாதிரியாராக இருந்தார்.

தோழி மேரியன் ஸ்காட் கையெழுத்துப் பிரதிகளைப் பத்திரப்படுத்தியிருக்காவிட்டால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. இன்று அவை குளோஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கர்னியைப் புதிதாகக் கேட்பவர்கள் போருக்கு முன் அவர் எழுதிய ‘ஸ்லீப்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். பியானோ தொட்டில்போல ஆடிக்கொண்டே இருக்க, கடைசி வரியில் குரல் மேலேறிக் கெஞ்சும். அந்த இடத்துக்காகவே கேட்கலாம்.