எம்பளத்தோடு ஏறும் சாவி

கல்லூரி ஆய்வகங்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கப் போனால், எல்லோரும் முதலில் கேட்பது படத்தைத்தான். "இன்ஸ்டால் ஆகும்போதே நம்ம காலேஜ் எம்பளம் வரணும் சார்" என்பார்கள். நியாயமான ஆசை. தன் கல்லூரியின் பெயரோடு திரை எழும்போது ஆய்வக உதவியாளர் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்திருக்கிறேன். அதைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அது கடினமும் இல்லை. 2007-இல் வந்த 'எட்ச்' பதிப்பிலிருந்து வரைகலை இன்ஸ்டாலர் இருக்கிறது. தமிழில் நிறுவ வேண்டுமென்றால் அதுதான் வழி, எழுத்து முறை இன்ஸ்டாலரில் தமிழ் வராது. அதன் மேல்பட்டையில் தெரிவது ஒல்லியான ஒரு பிஎன்ஜி படம். நம் படத்தை அதே பெயரில், அதே அளவில் வைத்தால் வேலை முடிந்தது. பழைய பயாஸ் இயந்திரங்களில் ஐசோலினக்ஸ், புதியவற்றில் க்ரப் என்ற ஏற்றி நிரல்கள் முதல் திரையைக் காட்டும் என்பதால் இரண்டு வகையிலும் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இன்ஸ்டாலர் என்று நாம் சொல்வதே ஒரு குட்டி லினக்ஸ்தான். லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியதும் இனிட்-ஆர்டி என்ற சுருக்கிய கோப்பை நினைவகத்தில் விரிக்கிறது. கேள்வி கேட்பது, டிஸ்கைப் பிரிப்பது, நெட்வொர்க்கைத் தேடுவது எல்லாம் அதற்குள் இருக்கும் நிரல்களின் வேலை. மேல்பட்டைப் படமும் அங்கேதான் இருக்கிறது. அதை முழுதாகப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதில்லை. மாற்ற வேண்டிய கோப்புகளை மட்டும் சீபியோவில் கட்டி, ஜிஜிப்பில் சுருக்கி, பழைய கோப்பின் வாலில் ஒட்டினால் போதும். கெர்னல் இரண்டையும் வரிசையாக விரிக்கும்; ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பின்னால் வந்தது நிலைக்கும். படம், எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதிய ப்ரீசீட் கோப்பு, நம் மிரரின் (பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, தரும் சர்வரின்) பொதுச் சாவி (ரகசியச் சாவியால் போட்ட கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜோடி) என மூன்றும் இப்படி ஒன்றாக ஏறிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம் இது.

மிகவும் கவலை தரும் இடமும் இதுதான். டெபியன் 10-இலிருந்து, அதாவது 2019 முதல், செக்யூர் பூட்டோடு (கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே ஏறவிடும் பாதுகாப்போடு) நிறுவ முடிகிறது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரல் க்ரப்பைச் சரிபார்க்கும், அடுத்து கெர்னலின் கையொப்பமும் சரிபார்க்கப்படும். சங்கிலி அங்கே நின்றுவிடுகிறது. இனிட்-ஆர்டியை யாரும் சரிபார்ப்பதில்லை. நம் எம்பளம் தடையில்லாமல் ஏறுவது அதனால்தான். அதே வழியில் முன்பின் தெரியாத ஒருவரின் சாவியும் ஏறலாம், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் தளத்துக்குள் நுழைந்தவர்கள் 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த வேறொரு ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் கோப்புக்கு)த் திருப்பிவிட்டார்கள். பக்கத்தையே மாற்றக்கூடியவர், அதில் அச்சிட்டிருக்கும் செக்சம்மையும் (கோப்பு மாறவில்லையா என்று ஒப்பிடும் எண்ணையும்) மாற்றலாம். அதனால் நான் கட்டும் எந்த ஐஎஸ்ஓவும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் பட்டியலும் அந்தப் பட்டியலுக்கு ஜிபிஜி கையொப்பமும் இல்லாமல் அலுவலகத்தை விட்டுப் போகாது. "பென்டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுங்க சார், போதும்" என்று அவசரப்படுத்துவார்கள். அப்போதும் சரிபார்க்கும் முறையை அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்துவிட்டுத்தான் வருவேன்.

மிரரின் சாவிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை நிர்வாகத்துக்குப் புரியவைப்பதுதான் கடினம். டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட், மிரரில் இருக்கும் 'இன்ரிலீஸ்' கோப்பின் கையொப்பத்தைப் பார்க்கிறது. அந்தக் கோப்பில் பேக்கேஜ் பட்டியலின் ஹாஷ் (செக்சம்), பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ். உச்சியில் இருக்கும் ஒரே கையொப்பத்தில் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் தொங்குகின்றன. பேக்கேஜ் நிறுவும்போது அதன் ஸ்கிரிப்டுகள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடும். ஆக, அந்த ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் எல்லா இயந்திரங்களுக்கும் ரூட். இதைச் சொன்ன பிறகுதான் கூட்டத்தில் எம்பளப் பேச்சு ஓயும். கைமாறிக் கைமாறி வரும் ப்ரீசீட் மாதிரிகளில், கையொப்பம் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள் என்ற வரி அடிக்கடி கிடக்கும். சாவி உருவாக்கச் சோம்பிய யாரோ போட்டது. கண்ணில் பட்டதும் அழித்துவிடுங்கள். நம் சாவியை 'சைன்ட்-பை' என்ற அமைப்பு வழியாக நம் மிரரோடு மட்டும் கட்டிவைப்பதும் அவசியம். பொதுவான நம்பிக்கைப் பட்டியலில் போட்டால் மற்ற களஞ்சியங்களுக்கும் அது செல்லுபடியாகும்.

ஒரு டிஸ்கைத் தயார்செய்து அப்படியே குளோன் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. அப்படியே நகலெடுத்தால் தொலைவிலிருந்து நுழையும்போது கணினியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவியும் மெஷின்-ஐடியும் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றாகிவிடும். இன்ஸ்டாலர் வழியே போனால் ஒவ்வொரு கணினியும் தன் சாவியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். சாவிகள் ஒன்றுபோல் இருந்தால் என்ன ஆகும் என்பதை டெபியன் உலகம் பட்டுத் தெரிந்துகொண்டது. 2006-இல் டெபியனில் சாவிகளை உருவாக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் செய்த ஒரு மாற்றத்தால் சாவிக்கான தற்செயல் எண்களில் ஓடும் நிரலின் ப்ராசஸ் எண்ணைத் தவிர ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. அது 2008 மே மாதம் வெளியே வந்தபோது, ஒரே வகை, ஒரே அளவில் சுமார் 32,000 சாவிகள்தான் சாத்தியம் என்று தெரிந்தது. உலகெங்கும் நிர்வாகிகள் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று.

ப்ரீசீட் கோப்பில் ரூட் பாஸ்வேர்டை அப்படியே எழுதுவதும் வேண்டாம். பென்டிரைவ் கிடைத்தவர் யாரும் படிக்கலாம். நிர்வாகியின் எஸ்எஸ்ஹெச் பொதுச் சாவியைக் கடைசிக் கட்டளையில் வைத்துவிட்டு, ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் நுழைவையே மூடிவிடுவேன். பொதுச் சாவி எத்தனை பேர் கையில் போனாலும் கவலையில்லை.

மிச்சமிருப்பது ரகசியச் சாவியின் காவல். கையொப்பமிடும் இயந்திரத்துக்கு நெட் இணைப்பு கிடையாது. சாவிக்குக் காலாவதித் தேதி வைக்கிறோம். அது வருவதற்கு வெகு முன்பே அடுத்த பொதுச் சாவி ஒரு பேக்கேஜாக எல்லாக் கணினிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். டெபியனும் தன் களஞ்சியச் சாவிகளை இப்படித்தான் மாற்றுகிறது. சாவியை ரத்துசெய்யும் சான்றிதழைத் தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு, கல்லூரி அலுவலகத்தின் பீரோவில் வைக்கச் சொல்கிறேன். நான் இந்த வேலையை விட்டுப் போன பிறகும் அவர்களே ஒருவரை வைத்து அந்தச் சாவியைச் செல்லாததாக்க முடிய வேண்டும்.