மைனஸ் ஸ்டீமும் ஒரு கிலோ முந்திரியும்

கடலூர் சிப்காட்டில் எங்கள் கெமிக்கல் பிளாண்டில் ஸ்டீம் கணக்கு என்பது சமீபகாலம் வரை ஒரு நீளமான ரெஜிஸ்டர்தான். மணிக்கு ஒருமுறை போர்டு ஆபரேட்டர் திரையைப் பார்த்து ஃப்ளோவை எழுதுவார். ஷிஃப்ட் முடியும்போது கூட்டிப் போடுவார். கூட்டுவதற்கென்று மேஜையில் ஒரு கால்குலேட்டர் உண்டு. அதில் 7-ஐ அழுத்தினால் சில நேரம் 77 விழும். அதனால் எங்கள் மூத்த ஆபரேட்டர் அண்ணன் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். அவர் கூட்டியதும், பாய்லர் ஹவுஸில் ஃபீடு வாட்டர் (பாய்லருக்குள் போகும் தண்ணீர்) மீட்டரைப் பார்த்து எழுதியதும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கொஞ்சம் இடித்தால் ‘புளோடவுன்’ (பாய்லரிலிருந்து திறந்து விடும் அழுக்குத் தண்ணீர்) என்ற ஒரே வார்த்தையில் இரு தரப்பும் சமாதானமாகிவிடுவார்கள்.

ஹெட் ஆபீசுக்கு இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. கணக்கு போடும் சாஃப்ட்வேர் வாங்கினார்கள். கூடவே சென்னையிலிருந்து லேப்டாப்பும் ஹெல்மெட்டுமாக ஒரு தம்பி வந்து இறங்கினார். நல்ல பையன். சாஃப்ட்வேர் கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

சமாச்சாரம் இதுதான். பிளாண்டில் இருக்கிற ஒவ்வொரு ஃப்ளோ, பிரஷர், டெம்பரேச்சருக்கும் ஒரு டேக் பெயர் உண்டு. பிளாண்டை நடத்தும் கன்ட்ரோல் கம்ப்யூட்டரான டிசிஎஸ்ஸில் ஓடும் அந்த மதிப்புகளை நேரத்தோடு சேர்த்து வருடக்கணக்கில் சேமித்து வைப்பது ஹிஸ்டோரியன். அதன் தலைமேல் உட்கார்ந்துகொண்டு சராசரி, கூட்டல், ஒரு டன் சரக்குக்கு எத்தனை டன் ஸ்டீம் என்றெல்லாம் போட்டுத் தருவது இந்தக் கணக்கு சாஃப்ட்வேர். இந்தத் துறைக்கு மூத்த அண்ணன் என்றால், 1980-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஓஎஸ்ஐசாஃப்ட் கம்பெனியின் ‘பிஐ’. 2021-ல் அதை அவீவா வாங்கிவிட்டது. அதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ‘இப்போது’, ஒய் என்று போட்டால் நேற்று நள்ளிரவு, ஒய் பிளஸ் 6 ஹெச் என்றால் நேற்று காலை ஆறு மணி. எங்களுக்கு வந்தது பிஐ அல்ல, ஆனால் பாஷை கிட்டத்தட்ட இதே மாதிரிதான். தம்பி பயிற்சி வகுப்பில் இதை விளக்கியபோது எங்கள் மூத்த ஆபரேட்டர் அண்ணன் கேட்ட ஒரே கேள்வி: “சம்பள நாளுக்கு ஏதாவது எழுத்து இருக்கா தம்பி?”

முதல் நாள் ரிப்போர்ட் தானாகவே ஹெட் ஆபீசுக்கு மெயிலில் போனது. அன்றைய மொத்த ஸ்டீம் 8.1 டன். ரெஜிஸ்டரில் 194. மேனேஜர் ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன்பே ஹெட் ஆபீசிலிருந்து போன். என்ன செய்தீர்கள், மற்ற பிளாண்டுகளுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றார்களாம். எங்கள் சாரும் சட்டென்று மறுக்காமல் “டீம் எஃபர்ட் சார்” என்று சொல்லி வைத்தார். விஷயம் எளிது. இந்த மாதிரி சாஃப்ட்வேர்களில் ஒரு ரேட்டைக் கூட்டச் சொன்னால், அது ‘நாளொன்றுக்கு’ இத்தனை என்று எடுத்துக்கொள்வது சகஜம், பிஐயிலேயே அப்படித்தான். மீட்டர் மணிக்கு இத்தனை டன் என்று காட்டினால் நாம்தான் 24-ஆல் பெருக்க வேண்டும். தம்பி பெருக்கினார், சரியாகிவிட்டது. டீம் எஃபர்ட்டை சார் எப்படித் திருப்பி எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அதன் பிறகுதான் சாருக்கு உற்சாகம் வந்தது. எங்களுக்கு மூன்று ஷிஃப்ட்: காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை ஏ, அங்கிருந்து ராத்திரி பத்து வரை பி, பிறகு காலை ஆறு வரை சி. எந்த ஷிஃப்ட் ஒரு டன் சரக்குக்கு ஆகக் குறைவான ஸ்டீம் செலவழிக்கிறதோ, அதற்கு வாரம் ஒரு கிலோ பண்ருட்டி முந்திரி, முழுப் பருப்பு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். இந்த ஊரில் முந்திரி ஒன்றும் அதிசயமில்லை. பாதிப் பேர் வீட்டில் மூட்டையே இருக்கும். ஆனாலும் ஜெயித்து வாங்குகிற முந்திரிக்கு ருசி தனி என்பது அந்த வாரம் தெரிந்தது. பிரஷர் கேஜ் பக்கமே போகாதவர்கள்கூட ஸ்டீம் டிராப்பை (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) ஒழுகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

வாரத்தின் நடுவில் ஒரு காலை ரிப்போர்ட்டில் பி ஷிஃப்ட்டுக்கு ஸ்டீம் ஃப்ளோ மைனஸ் இரண்டரை டன் என்று இரண்டு மணி நேரத்துக்கு வந்திருந்தது. அதாவது அந்த நேரத்தில் பிளாண்ட் ஸ்டீம் தயாரித்து பாய்லருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரி அந்த லைனைச் சரிசெய்தவர் அவர்தான். என்னைக் கூட்டிப் போய் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து காட்டினார். கடல் காற்றுக்குச் செம்பு முனை பச்சை பூத்து, வயர் உதிர்ந்து விழுந்த இடத்தில் புதிதாகச் சீவிய வயர் பளபளத்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். அவற்றை அவர் கலைக்கவில்லை. ஃப்ளோவை அளந்து டிரான்ஸ்மிட்டர் அனுப்புவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கரண்ட். 4 என்றால் பூஜ்யம், 20 என்றால் முழு ரேஞ்ச். வயர் போய் கரண்ட் பூஜ்யமாகிவிட்டால், கணக்குப்படி அது ரேஞ்சில் மைனஸ் 25 சதவீதம். எங்கள் மீட்டருக்கு ரேஞ்ச் மணிக்கு 10 டன், அதனால் மைனஸ் இரண்டரை. இந்த மாதிரி சிக்னலைக் ‘கெட்டது’ என்று முத்திரை குத்தி ஒதுக்க டிசிஎஸ்ஸில் வழி உண்டு. அந்த மீட்டருக்கு யாரும் அதை ஆன் செய்து வைக்கவில்லை.

ஆனால் பி ஷிஃப்ட் போர்டு ஆபரேட்டர், “என் ஷிஃப்ட்ல மைனஸ் வரவே இல்லையே” என்றார். “ரிப்போர்ட்ல இருக்கேப்பா” என்றோம். அவரும் அதற்கு மேல் வாதாடவில்லை. மைனஸ் அவருக்கு லாபம்தானே.

வயரைச் சரிசெய்தாயிற்று. கணக்கில் புகுந்த மைனஸை யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை முடிவு வந்தது. பி ஷிஃப்ட் முதலிடம், ஏ ஷிஃப்ட் கடைசி. கான்டீன் வாசலில் கைதட்டல், போட்டோ, முந்திரிப் பொட்டலம். ஏ ஷிஃப்ட்டில் இருந்தவர் நம்ம மூத்த அண்ணன். ரிப்போர்ட்டில் அவர் ஷிஃப்ட்டில் தினமும் பதினொன்றரை மணிக்கு ஸ்டீம் விர்ரென்று ஏறியிருந்தது. “பதினொன்றரைக்கு என்ன பண்றீங்க?” என்று சார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அண்ணன் முகம் சுருங்கிப் போனது. அவர் எழுதிய ரெஜிஸ்டரில் பதினொன்றரைக்கு ஒன்றுமே இல்லை.

ஷிஃப்ட் மாறி அந்த வாரம் அவருக்கு சி ஷிஃப்ட். மறுநாள் காலை ஆறு மணிக்கு டியூட்டி முடிந்தும் கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு கன்ட்ரோல் ரூமிலேயே உட்கார்ந்திருந்தார். சாரும் சாஃப்ட்வேர் தம்பியும் வந்ததும், போன சனிக்கிழமை டிரெண்டை, அதாவது நேரப்படி ஏறி இறங்கும் கோட்டுப் படத்தைப் போடச் சொன்னார். அன்றைக்கு ஈபி மாதாந்திரப் பராமரிப்பு. கரண்ட் இல்லாமல் ஃபேன் நின்று பாய்லரே உட்கார்ந்துவிட்ட நாள்.

“தம்பி, சனிக்கிழமை ஈபிக்காரன் எத்தனை மணிக்கு நிறுத்தினான்?”

“ஒன்பது மணிக்குண்ணே. மெசேஜ் வந்துச்சே.”

“உங்க பொட்டியில பாருங்க. மூணரைக்கு நிக்குது. விடியகாலை மூணரைக்கு எழுந்து கம்பத்துல ஏறுற ஈபிக்காரன நீங்க எந்த ஊர்ல பாத்தீங்க?”

கரண்ட் திரும்பி வந்தது மதியம் இரண்டுக்கு, டிரெண்டில் எட்டரை. தம்பி இரண்டு இடைவெளியையும் மனதில் கழித்துப் பார்த்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டிலும் ஐந்தரை மணி நேரம். ஹிஸ்டோரியன்கள் நேரத்தை உள்ளுக்குள் யூடிசியில்தான், அதாவது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கும், அதில் தப்பில்லை. நமக்குக் காட்டும்போதும் ஷிஃப்ட் பிரிக்கும்போதும் நம் நேரத்துக்கு மாற்ற வேண்டும். கணக்கு ஓடும் சர்வரில் அந்த ஒரு செட்டிங் யூடிசியாகவே கிடந்திருக்கிறது. 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம், நம் தீர்க்கரேகை 82.5 டிகிரி, ஆக ஐந்தரை. ஆகவே ரிப்போர்ட்டில் ஏ ஷிஃப்ட் என்று இருந்தது உண்மையில் பகல் பதினொன்றரை முதல் ராத்திரி ஏழரை வரை. பி ஷிஃப்ட்காரர்கள் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டிஸ்டிலேஷன் டவரைச் சூடேற்றுவார்கள். அந்தச் செலவு முழுக்க அண்ணன் தலையில். “அஞ்சு மணிக்கு நான் மஞ்சக்குப்பத்துல பேத்திய டியூஷன் விட்டுக்கிட்டு இருந்தேன் சார்” என்றார்.

தம்பி செட்டிங்கை மாற்றி, பழைய வாரத்துக்கும் சேர்த்து மறுபடி கணக்கை ஓட்டினார். இதற்கு பேக்ஃபில் என்று பெயர், நிமிஷத்தில் முடிந்துவிடும். பி ஷிஃப்ட் கடைசிக்குப் போனது. முதலிடம் ஏ அல்ல, சி.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. “அந்த மைனஸ் எங்க போச்சு?”

அது நிஜத்தில் நடந்தது ராத்திரி ஒரு மணிக்கு. ஐந்தரை மணி நேரம் முன்னால் தள்ளிப் போய் பி-யில் விழுந்திருந்தது. இப்போது தன் சொந்த வீட்டுக்கு, சி ஷிஃப்ட்டுக்குத் திரும்பியிருக்கிறது. தம்பி உடனே ஒரு நிபந்தனை எழுதினார்: பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வை. அப்போதும் சி-தான் முதல். இங்கேதான் எனக்கு இந்த சாஃப்ட்வேர் விவகாரத்தின் முடிச்சே புரிந்தது. ஃபார்முலா எழுத எல்லாருக்கும் வரும். அளவே தெரியாத இரண்டு மணி நேரத்தைப் பூஜ்யம் என்பதா, இல்லாததாக எண்ணி விடுவதா என்பதில்தான் வழக்கு. பூஜ்யம் என்றால் அந்த இரண்டு மணி நேரம் பிளாண்டே ஓடவில்லை என்று அர்த்தம். பாய்லர் ஹவுஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் நோட்டைப் புரட்டி, “ஒரு மணியில இருந்து மூணு வரைக்கும் தண்ணி வழக்கம்போல உள்ள போயிருக்கு சார். போன தண்ணி ஸ்டீமாத்தானே வந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கெட்ட நேரத்தைத் தூக்கிவிட்டு, மிச்ச நேரத்துச் சராசரியை வைத்து நிரப்பினார்கள். ஏ ஷிஃப்ட் முதலிடம்.

இப்போது முந்திரி. பி ஷிஃப்ட்டில் விசாரித்தால், “தீர்ப்பு மாறும்னு யாருக்கு சார் தெரியும், திங்கட்கிழமை டீயோடயே முடிஞ்சுது” என்றார்கள். அதற்கு பேக்ஃபில் கிடையாது. சார் இன்னொரு கிலோவுக்குக் கையெழுத்துப் போட்டார். பர்ச்சேஸில் எந்த தலைப்பில் போடுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நலநிதியில் போட்டால் போன வாரமே ஒரு கிலோ ஏறியிருக்கிறதாம், ஒரே வாரத்துக்கு இரண்டு பரிசு கூடாதாம். கடைசியில் இண்டென்டில் ‘ஸ்டீம் ஃப்ளோ மீட்டர் திருத்தச் செலவு, ஒரு கிலோ’ என்று எழுதி அனுப்பினோம். ஸ்டோர்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய உதிரி பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது தருவேன் என்கிறார்.