நம்பர் 11-இன் கடைசி ஜூன்

மே 26, 2019, ஞாயிறு

36 வெற்றி, 21 தோல்வி. நாளை மதியம் வரும் தேசியக் கல்லூரி பேஸ்பால் போட்டிப் பட்டியலில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்குமா?

64 இடம். அதில் 31 இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குத் தாமாகவே போய்விடும். மிச்சம் 33-ஐக் கமிட்டி உட்கார்ந்து நிரப்பும். அவர்கள் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளும் தாள் ஆர்.பி.ஐ. என்ற தரவரிசைக் கணக்கு. அதில் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான். எதிரணிகளின் விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. சொந்த மைதானத்தில் ஜெயித்தால் அது 0.7 வெற்றி, வெளியூரில் ஜெயித்தால் 1.3. தோல்விக்கு இதுவே தலைகீழ். செவ்வாய்க்கிழமை சின்னக் கல்லூரி ஒன்றை வீட்டுக்கு அழைத்துத் தோற்றால் 1.3 தோல்வி, அதோடு அவர்களுடைய மோசமான கணக்கும் நம் தலையில். ஜெயித்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. மே மாதம் பதறுவதில் பயனில்லை. 56 ஆட்டங்களின் அட்டவணையை எழுதி முடித்த அன்றே பாதி முடிவு ஆகிவிட்டது.

மே 27, திங்கள்

வந்துவிட்டது. முதல் சுற்று ஏதென்ஸ், ஜார்ஜியாவில். அங்கே மோதும் நான்கு அணிகளில் மூன்றாம் சீட், அதாவது மூன்றாம் தரவரிசை. தொடர்ந்து 42-ஆவது ஆண்டு.

மே 29, புதன்

இன்னும் நான்கு வேண்டும். தலைமைக் கோச் மைக் மார்ட்டினுக்கு இது 40-ஆவது சீசன், இதோடு ஓய்வு என்று போன வருடமே சொல்லியாயிற்று. 1980 முதல் எந்த வருடமும் 40 வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. கடைசி வருடம் 36-இல் நின்றுவிட்டால்? இப்படி ஒரு எண்ணிக்கை தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

இரவெல்லாம் இன்னொரு எண்: 11.7. ஒரு டிவிஷன் 1 பேஸ்பால் அணிக்கு இவ்வளவுதான் ஸ்காலர்ஷிப். 35 பேர் அணி, பணம் பெறலாம் என்பவர்கள் அதிகபட்சம் 27, ஆளுக்குக் குறைந்தது 25 சதவீதம். தாளில் போட்டுப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு ஆட்டங்களைத் தொடங்கும் மூன்று பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்கள்) ஆளுக்கு 60 சதவீதம், 1.8 போயிற்று. கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டர் மூவருக்கும் அதே, இன்னொரு 1.8. அடுத்த எட்டுப் பேருக்குப் பாதிப் பாதி, 4. ஆக 7.6. மிச்சம் 4.1-ஐ 13 பேர் பங்கு போட வேண்டும். ஆளுக்கு 31 சதவீதம் சொச்சம். மீதி எட்டுப் பையன்கள் சொந்தக் காசில்.

அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சுக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். இங்கே தலைமைக் கோச் என்றால் பாதி ஆள் கணக்குப்பிள்ளை. ஒரு பையனின் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம், "40 சதவீதம் நாங்கள் தருகிறோம், மீதி உங்கள் பாடு" என்று சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். அதனால்தான் உள்மாநிலப் பையன்கள். ஃப்ளோரிடாவில் மதிப்பெண் நன்றாக இருந்தால் பிரைட் ஃபியூச்சர்ஸ் திட்டத்தில் மாநில அரசே கல்விக் கட்டணத்தைக் கட்டும். அந்தப் பணம் பெரும்பாலும் 11.7-இல் சேராது. படிக்கிற பையன் கோச்சுக்கு மலிவு. பந்தை 95 மைலில் வீசுபவன் கணக்குப் பாடத்தில் தவறினால் அதுவும் செலவுதான்.

மே 31, வெள்ளி

ஃப்ளோரிடா அட்லான்டிக்குடன் 13–7. 37.

ஜூன் 1, சனி

ஜார்ஜியாவை அவர்கள் வீட்டிலேயே 12–3. தேசிய அளவில் நான்காம் சீட் அவர்கள். 38. நம்ப முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

திரும்பவும் ஜார்ஜியா. 10–1. 39.

மூன்று நாளில் மூன்று வெற்றி என்பதைப் பிட்சர்களின் கையை வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு அணிகள், இரண்டு தோற்றால் வெளியே. தோற்காமல் வந்தால் 27 இன்னிங்ஸ் போதும்: மூன்று தொடக்க பிட்சர்கள், பின்னால் இரண்டு மூன்று பேர். முதல் ஆட்டத்தில் தோற்றவன் மேலே வர நான்கை ஜெயிக்க வேண்டும். ஐந்து ஆட்டம், 45 இன்னிங்ஸ், நான்கே நாள். ஞாயிறு இரவு வீசுவதற்கு அவனிடம் யார் இருப்பார்கள்? பிப்ரவரியில் இருந்து செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வீசிய முதலாண்டுப் பையன். 12–3, 10–1 என்பதில் இன்னொரு லாபம், நல்ல பிட்சர்களை வெளியிலேயே உட்கார வைத்துவிடலாம்.

ஜூன் 4, செவ்வாய்

அடுத்த சுற்றான சூப்பர் ரீஜனலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, தொழில்முறை கிளப்புகள் ஆள் எடுக்கும் ட்ராஃப்டை நடத்துகிற புத்திசாலி யார்?

இன்று நம் அணியில் மூன்று பெயர்கள் போயின. மென்டோசா மூன்றாவது சுற்றில் வாஷிங்டனுக்கு. ஃப்ளவர்ஸ் நான்காவதில் பிட்ஸ்பர்குக்கு. பாரிஷ் எட்டாவதில் கான்சஸ் சிட்டிக்கு. பையன்களுக்குச் சந்தோஷம். கோச்சுக்கு? இந்த மூவரும் போய்விடுவார்கள் என்று வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடத்துக்கு முன்பே ஆள் பிடித்திருப்பார். அவர் பிடித்து வைத்த பள்ளிப் பையன்களும் இதே ட்ராஃப்டில் இருக்கிறார்கள், சிக்கல் அங்கேதான். 40 சுற்று. 10-ஆவது சுற்றுக்குப் பிறகு 1,25,000 டாலர் வரை கொடுத்தால் கிளப் செலவழிக்கலாம் என்ற மொத்த வரம்பில் சேராது. எவன் கையெழுத்துப் போடுவான், எவன் ஆகஸ்டில் கல்லூரிக்கு வருவான் என்பது ஜூலை நடுவில்தான் தெரியும். கூடுதலாக ஆள் எடுத்தால் 35-ஐத் தாண்டும், நேற்று வாக்குக் கொடுத்த பையனை வெளியே அனுப்ப வேண்டும். குறைவாக எடுத்தால் ஷார்ட்ஸ்டாப் இடம் காலி. கல்லூரிக்கு வந்துவிட்டவன் மூன்று வருடம், அல்லது 21 வயது வரை பத்திரம். அது ஒன்றுதான் நிம்மதி.

ஜூன் 6, வியாழன்

ஆட்டம் இல்லாத நாள். மனசு மட்டையைப் பற்றிக்கொண்டது.

ஒரே மனிதர் 40 வருடம் கோச்சாக இருந்தார் என்கிறோம். அவர் கோச் செய்தது மூன்று வேறு விளையாட்டுகளை. முதலில் அலுமினிய மட்டை. அதன் உச்சம் 1998 இறுதி ஆட்டம், 21–14. ஃபுட்பால் ஸ்கோர்! அதற்குப் பிறகு அங்குலத்துக்கும் அவுன்ஸுக்கும் வித்தியாசம் மூன்றைத் தாண்டக்கூடாது என்றார்கள்: 34 அங்குல மட்டை 31 அவுன்ஸாவது இருக்க வேண்டும், குண்டான பகுதி இரண்டே ஐந்தெட்டு அங்குலம். 2011-இல் பி.பி.சி.ஓ.ஆர். மட்டை. பந்து மோதும்போது மட்டை உள்ளே அமுங்கித் துள்ளுகிற துள்ளலைக் கிட்டத்தட்ட மரத்தளவுக்கு இறக்கிவிட்டார்கள். பந்தை வேலிக்கு வெளியே அடிக்கும் ஹோம்ரன் வறண்டது. 2014-இல், போட்டியின் கடைசிக் கட்டம் நடக்கும் ஒமாஹாவில், மொத்தமே மூன்று. 2015-இல் பந்தின் தையலை 0.048 அங்குலத்திலிருந்து 0.031-க்குத் தாழ்த்திய பிறகுதான் பந்து மறுபடி பறக்கத் தொடங்கியது.

மட்டை செத்ததும் பல கோச்சுகள் பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட்டுக்குப் போனார்கள். நம் ஊர் டல்லஹாசியில் பழைய பிடிவாதம்தான்: நல்ல பந்து வரும்வரை காத்திரு, நான்கு மோசமான பந்தை விட்டுவிட்டு வாக் வாங்கி முதல் பேஸுக்குப் போ, எதிரணிப் பிட்சரை ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் 90 பந்து வீச வை. அதற்கான விலை ஸ்ட்ரைக்அவுட், மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். காத்திருந்து இரண்டு ஸ்ட்ரைக் வாங்கியவன் மூன்றாவதையும் வாங்குகிறான். கட்டுப்பாடு பிசகுகிற பிட்சர்களிடம் இது பிப்ரவரி முதல் மே வரை வேலை செய்யும். ஒமாஹாவுக்கு வருகிறவன் பிசகுவதில்லை. என் சந்தேகமெல்லாம் இங்கேதான் முளைக்கிறது.

ஜூன் 8, சனி

பேட்டன் ரூஜ். எல்.எஸ்.யூ. 6–4.

40.

முள் இறங்கியது.

ஜூன் 9, ஞாயிறு

12 இன்னிங்ஸ். 5–4. மென்டோசா அடித்த ஒற்றை. மூன்றாம் சீடாக உள்ளே நுழைந்த அணி ஐந்து ஆட்டமும் ஜெயித்து ஒமாஹாவுக்குப் போகிறது. வேறெதுவும் எழுத வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மார்ட்டின் கோச்சாக ஒமாஹாவுக்குப் போவது இது 17-ஆவது முறை. முதல் சீசன் 1980-லேயே போனார். கோப்பை: பூஜ்யம். ஆட்டக்காரராக 1965-இல் போனதையும் சேர்த்தாலும் பூஜ்யம்தான்.

இரண்டு முறை கடைசி ஆட்டம் வரை. 1986-இல் அரிசோனாவிடம் 10–2. 1999-இல் மயாமியிடம் 6–5. அப்போது இறுதி என்பது ஒரே ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டு என்று மாறியது 2003-இல். ஒரு ரன்னில் போன அந்த 1999 மட்டும் மூன்று ஆட்டத் தொடராக இருந்திருந்தால்... வேண்டாம். இந்தக் கணக்கைப் போடத் தொடங்கினால் விடிந்துவிடும்.

"பெரிய ஆட்டத்தில் தடுமாறுகிறவர்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஒமாஹாவில் எட்டு அணிகள். எல்லோரும் சமபலம் என்று வைத்தால் எட்டில் ஒரு வாய்ப்பு. 16 முறை போய் ஒருமுறையும் கிடைக்காமல் போகும் சாத்தியம் சுமார் 12 சதவீதம். அரிது, அதிசயமில்லை. இதைச் சொல்லி முடித்ததும் எனக்கே உறைக்கிறது: அந்த 16-இல் பல வருடம் அவர் அணி சமபலம் இல்லை, மேல்.

ஜூன் 13, வியாழன்

நம் பழைய ஆட்டக்காரர் பஸ்டர் போசி நினைவு. ஷார்ட்ஸ்டாப்பாக வந்த பையன். இரண்டாம் வருடம் கேட்சர் ஆக்கினார்கள். 2008 மே மாதம் ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடத்திலும் நிற்க வைத்தார்கள், அந்த வருடமே சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது. ஷார்ட்ஸ்டாப்பின் மென்மையான கை, வலுவான தோள், அவசரப்படாத கால். இந்த மூன்றும் இருந்தால் ஒரு குளிர்காலத்தில் கேட்சர் ஆக்கலாம். தடுப்பதற்கும் பந்தை நிறுத்திப் பிடிப்பதற்கும் தினம் ஒரு மணி நேரம் போக வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது? சம்பளம் வாங்கும் துணைக் கோச்சுகள் இரண்டே பேர். மூன்றாமவர் "வாலன்டியர்". கோடைப் பயிற்சி முகாமில் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வாடகை கட்டுகிறவர். அவருக்கும் சம்பளம் வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த ஏப்ரலில்தான் தோற்கடித்தார்கள். 35 பையன்களுக்கு இரண்டரை கோச்.

ஜூன் 15, சனி

1–0! ஆர்கன்சாஸ். பாரிஷ் எட்டு இன்னிங்ஸ், பூஜ்யம். ஒன்பதாவதில் ஒரே ஒரு ரன். பிறகு சென்டர் ஃபீல்டில் நின்ற ஃப்ளவர்ஸ் பந்துவீசும் மேட்டுக்கு வந்து முடித்து வைத்தார்.

இந்த மைதானத்துக்கு ஏற்ற ஸ்கோர். நடுவில் 408 அடி, ஓரங்களில் 335. ஒமாஹாவின் பழைய மைதானம் ரோசன்பிளாட்டில் காற்று பந்தை வெளியே தள்ளும்; இங்கே பல நாள் முகத்தில் அடிக்கும். இரண்டே பிட்சரோடு ஒரு வெற்றி. மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென் முழுசாகத் தூங்கி எழுந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ஓய்வு நாள். நாளையும் ஜெயித்தால் வெள்ளிவரை ஆட்டம் இல்லை, பாரிஷ் ஆறாம் நாள் திரும்பலாம். தோற்றால் புதன், வெள்ளி, சனி மூன்றும் ஜெயிக்க வேண்டும். இந்த ஒரு ஆட்டம்தான் எல்லாம்.

ஜூன் 17, திங்கள்

மிச்சிகன் 2, நாம் 0. டாமி ஹென்றி ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசினார். மூன்று ஹிட்.

பிசகாத பிட்சர். ஆறாம் தேதி எழுதியதைத் திரும்பிப் படிக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்னொரு பெரிய கோச் ஆகி கரிடோ ஐந்து கோப்பை: ஃபுல்லர்டனில் மூன்று, டெக்சாஸில் இரண்டு. 1,975 வெற்றி. 2018 மார்ச்சில் காலமானார். இரண்டு மாதம் ஆவதற்குள் மே 5 அன்று மார்ட்டின் அந்த எண்ணைத் தாண்டினார். இப்போது 2,029. எவர் பெரியவர் என்ற சண்டையில் கலந்துகொள்ளப் போவதில்லை. இதை எழுதும்போதே கலந்துகொண்டாயிற்று: 40 வருடமும் 40 வெற்றி என்பதை நான் எடுத்துக்கொள்வேன். இன்று மட்டும், ஐந்தில் ஒன்றையாவது இந்தப் பக்கம் தள்ளக் கூடாதா என்று இருக்கிறது.

நாளை டெக்சாஸ் டெக். பாரிஷுக்கு மூன்று நாள் ஓய்வுதான், அவரைத் தொடக் கூடாது. நான்காவது தொடக்க பிட்சர் என்று ஒருவர் கல்லூரி அணியில் முழுசாக இருப்பதில்லை. மூன்று இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று துண்டு துண்டாக ஒட்டுவார்கள்.

ஜூன் 19, புதன்

ஆட்டத்துக்கு முன்: அவர் லைன்அப் அட்டையைக் கொடுக்க நடுவர்களிடம் நடக்கிறார். முதுகில் 11.

பின்: 1–4.