கிம்புலா பணிஸும் சோனியாவும்: ஒரு வெள்ளவத்தை நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

22ஆம் திகதி வாசகர் வட்டத்தில் 20 நிமிடம் பேச வேண்டும். தலைப்பு உங்கள் விருப்பம் என்றார்கள். உளவுப் பெண்கள் என்று சொல்லிவிட்டேன். உடனே மூன்று பேர் சேர்ந்து "மாதா ஹரியா?" என்றார்கள். இல்லை. நூர் இனாயத் கானும் இல்லை. திப்பு சுல்தானின் வழிவந்தவர், ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதியவர், பொய் சொல்ல வராதவர். 1944இல் நாஜிகளின் டாக்காவ் முகாமில் கொன்றார்கள். அவரைப் பற்றி மேடையில் பேசினால் நான் அழுதுவிடுவேன்.

என் ஆள் பொய்யிலேயே ஊறியவர். ஊர்சுலா குச்சின்ஸ்கி, 1907இல் பிறந்த பேர்லின் யூதப் பெண். சோவியத் இராணுவ உளவுத்துறையில் பெயர் சோனியா.

வீட்டிலும் ஒரு ஒற்றர் இருக்கிறார், நான் வைத்த ஆள்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள மஸ்கெலியாவிலிருந்து வந்த பெண். அம்மா கூப்பிடுவதுபோல் இங்கேயும் பிள்ளை என்றே எழுதுகிறேன். அம்மா என்ன சாப்பிட்டார், காலையில் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று தினமும் பத்து மணிக்கு அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு வொய்ஸ் அனுப்ப வேண்டும். அதற்கென்று சம்பளத்தோடு மாதம் 2000 ரூபாய். இன்றைய செய்தி: "இடியப்பம் மூணுக்கா. சொதி. 124."

மார்ச் 6, வியாழன்

100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றபடியே படித்தது. 1933இல் பயிற்சிக்கு மொஸ்கோ வரும்படி சோனியாவுக்கு அழைப்பு. மகனுக்கு இரண்டு வயது. கூட்டிப்போனால் ரஷ்யச் சொல் நாலைப் பொறுக்கிக்கொள்வான், பிறகு எங்கேயாவது போய் உளறுவான். ஆகவே ஏழு மாதம் கணவரின் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போனார்.

மழலைக்குப் பயந்த தாய். பம்பலப்பிட்டிவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கொள்கைக்காகச் செய்தார் என்று எழுதுகிறார்கள், சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது எவ்வளவு காலம்?

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவின் தலையணையிலிருந்து ஜன்னல்வரை எறும்புச் சாரை. தலையணையைத் தூக்கினேன். உறைக்குள் நாலாய் மடித்த பேக்கரிக் கடதாசி, அதன் மடிப்பில் பெரிய பெரிய சீனிக் கற்கண்டு. முதலை வடிவில் இருக்கும் கிம்புலா பணிஸின் முதுகில் ஒட்டியிருக்குமே, அதே சீனி. அம்மா மயூராபதி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளையும் கூடத்தான்.

பத்து மணிக்குக் கோயில் வாசலிலிருந்து வொய்ஸ்: "குரக்கன் ரொட்டி ஒண்ணுக்கா. 118."

மார்ச் 13, வியாழன், போயா

கந்தோர் லீவு. மரைன் டிரைவ் பக்கம் ஒரே காற்று. நாள் முழுக்க ஓலோவோடு இருந்தேன்.

ஓலோ, அதாவது ஓல்கா மூத், சோனியா சிறுமியாக இருந்தபோதே அந்த வீட்டுக்கு வந்த ஆயா. பிறகு சோனியாவின் பிள்ளைகளையும் வளர்த்தார். சுவிட்சர்லாந்தில் மொன்ட்ரோவுக்கு மேலே ஒரு மலை வீடு, வீட்டுக்குள் வானொலி அனுப்பி. ஓலோவுக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை. 1940இல் சோனியா பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காக லென் பேர்ட்டன் என்ற ஆங்கிலேயரை மணந்தார். பிள்ளைகளோடு இங்கிலாந்து போகும் ஏற்பாடு. ஜெர்மன்காரியான ஆயா கூடப் போக வழியில்லை. சின்ன மகள் நீனா என்றால் ஓலோவுக்கு உயிர்.

மொன்ட்ரோவில் இருந்த பிரித்தானியத் தூதரக அலுவலகத்துக்குப் போய், சோனியா உளவாளி என்று சொல்லிவிட்டார் ஓலோ. சொன்னது உடைந்த ஆங்கிலத்தில். கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, விட்டுவிட்டார்.

ஓலோவின் ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால்! சோனியா இங்கிலாந்துக்கே போயிருக்க மாட்டார். விஞ்ஞானி கிளவுஸ் ஃபூக்ஸ் கொடுத்த அணுகுண்டு இரகசியங்கள் அவர் கை வழியாக மொஸ்கோவுக்குப் போயிருக்காது. கிராமத்துச் சைக்கிளில் போய் அவற்றை வாங்கிவந்தார் அந்த அம்மாள். 1947இல் பிரித்தானிய உளவுத்துறையினர் வீடு தேடி வந்தபோதும் தேநீர் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினார்.

எனக்கு ஓலோ மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் கட்டிக்காத்ததை ஒரு குழந்தைக்காகப் போட்டு உடைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

சீனி பார்க்கும் மிஷினில் பழைய கணக்கெல்லாம் பதிவாகும் என்பது பிள்ளைக்குத் தெரியாது. நேற்றிரவு பின்னோக்கித் தட்டிப் பார்த்தேன். அவள் 118 என்ற அன்று 231. 124 என்ற அன்று 209.

இன்று அம்மா குளிக்கப் போன நேரம் குசினியில் பிடித்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"காசு வாங்கிக்கொண்டு எனக்கே பொய் சொல்கிறாயா?"

"அம்மா கையப் புடிச்சுக்கிட்டு சொல்லாதன்னாங்கக்கா. வாரத்துல ரெண்டு பணிஸ்தான். நான் என்னா செய்ய?"

"வருத்தக்காரி அவ. காலைக் கழற்ற வேண்டி வந்தால் நீ பொறுப்பா?"

துருவலை நின்றது. சிரட்டையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க கனடாவுக்கு எழுதிப் போட்டிருக்கீங்கன்னு நான் அம்மாக்கிட்ட சொன்னேனா?"

அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன் அந்தக் கடதாசிகளை. எப்போது பார்த்தாய் என்றேன். தைப்பொங்கலுக்குத் துடைச்சப்போ என்றாள். இரண்டு மாதம்.

பாத்ரூம் கதவு திறந்தது. அவள் மறுபடி துருவத் தொடங்கினாள். நான் உப்புப் போத்தலை எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன்.

மார்ச் 22, சனி

பேச்சு முடிந்தது. 1950இல் ஃபூக்ஸின் வழக்கு தொடங்குவதற்குச் சற்று முன் சோனியா கிழக்கு ஜெர்மனிக்குப் பறந்ததையும், 93 வயதுவரை வாழ்ந்து 2000இல் பேர்லினில் இறந்ததையும் அவசர அவசரமாகச் சொல்லி இறங்கப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்தார். "அந்த ஆயாவைத் துரோகி எண்டு சொல்லலாமோ, பிள்ளை?" நேரம் முடிந்த மணி அடித்தது. தப்பினேன்.

மார்ச் 25, செவ்வாய்

சம்பள நாள். பிள்ளையிடம் கவரைக் கொடுத்தேன். எண்ணினாள். இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களைப் பிரித்து மடித்து, பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அம்மா தண்ணீர் எடுக்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"உது ஆற்ற காசு?"

"பேப்பர்க்காரருக்கு, அம்மா" என்றேன்.